கூடியிருக்கக் காண்பதே காட்சி

தைத் திங்கள் ஐந்தாம் நாள் எங்கள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொள்வார். மணற்பரப்பெங்கும் மக்கள் வெள்ளம். அக்கூட்டத்தினரை ஒவ்வொருவராக வெளியே அழைத்து, ஊரும் பேரும் தொழிலும் எழுதிக்கொண்டால், வந்தவர் எத்தனையர், எத்தகையர் என்பது விளங்கும். ஆயின், யார் யாருடன் வந்தார், எவர் தோளில் குழந்தை அமர்ந்திருந்தது, வழி தவறிய சிறுவனுக்குக் கைகொடுத்தவர் எவர் என்பனவற்றை அந்த ஏடு சொல்லாது. கூட்டத்தைக் கலைத்தவுடன் உறவும் மறைந்துவிடுகிறது.

நம் உடலும் அத்தகைய பெருங்கூட்டமே. இதன் உறுப்பினரை உயிரணுக்கள் என்பர். அவை கூடித் தொழில் புரியும் அமைப்பைத் திசு என்பர். திசுவைக் கலைத்து, உயிரணுக்களைப் பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து ஆராய்ந்ததால் அறிவியல் பெற்ற பயன் பெரிது. எனினும், அவற்றை அயலாரோடு கூடியிருக்கும் நிலையிலேயே ஆராய்ந்தாலன்றி நம் அறிவு நிறைவுறாது என்பது என் துணிபு.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் வாந்திபேதிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். ஆனால், அக்கிருமி உயிரைக் கொல்லும் வகை நெடுநாள் விளங்கவில்லை. பின்னாளில் சம்புநாத் தே என்னும் வங்க மருத்துவர், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து வீங்கிற்று. கிருமியை நீக்கி வடித்த நீரும் அவ்வாறே செய்யும் என்பதை 1959ஆம் ஆண்டில் அவர் நிறுவினார். கிருமி உமிழும் நஞ்சு குடலின் உயிரணுக்களைத் தூண்ட, அவை உடல்நீரைச் சொரிகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கண்ணாடிக் கலத்தில் கிருமி இருந்தது, குடல் இல்லை. இரண்டையும் உடன்வைத்துக் கண்டபோதே உண்மை வெளிப்பட்டது.

இன்று கருவிகள் மிக வளர்ந்துள்ளன. கடலில் ஒளிரும் ஜெல்லிமீன் ஒன்றின் புரதத்தை உயிரணுவினுள் விளக்காக ஏற்றி, அதன் இயக்கத்தை உயிருள்ள விலங்கினுள்ளேயே காண்கின்றனர். அப்புரத ஆய்வுக்கு 2008ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. வேறொரு முறை, மெல்லிய திசுத்துண்டில் எந்த இடத்தில் எந்த மரபணு தொழிற்பட்டது என்பதை வரைபடமாக்கித் தருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கருக்குழவியின் மூளையை 5,132 மெல்லிய துண்டங்களில் படமெடுத்து, ‘தரணி’ என்னும் பெயரால் 2024ஆம் ஆண்டில் உலகோர்க்கு இலவசமாக வழங்கியது. பின்னர்க் கூறிய இரண்டும் உயிரற்ற துண்டுகளையே காட்டுவன. எனினும், இடமும் அயலும் சிதையாமல் காட்டுவன.

‘மருந்து காண்பதை விடுத்து அண்டை அயல் பார்ப்பதால் பயன் என்ன?’ என்று சிலர் வினவலாம். கண்ணாடிக் கலத்தில் புற்றுநோய் அணுக்களைக் கொல்லும் மருந்து, உடலினுள் சிலவேளை தோற்றுப்போகிறது. சுற்றியுள்ள அணுக்கள் அவற்றுக்கு அரணாகிவிடுவது அதற்கு ஒரு காரணம். அரணை அறியாதவன் பகையை வெல்வது எங்ஙனம்?

தமிழ் கற்பித்து முதிர்ந்த எனக்கு இக்கருத்துப் புதிதன்று. ‘மா’ என்னும் சொல்லைத் தனியே காட்டினால், மரமோ, விலங்கோ, பெருமையோ என்று நீங்கள் திகைப்பீர்கள். ‘மா பூத்தது’ என்றால் ஐயம் நீங்கும். அருகிருந்த சொல்லன்றோ பொருளைத் தந்தது? அகராதி வேண்டா என்று நான் கூறவில்லை. அகராதி மட்டும் போதாது என்கிறேன்.

மாணவர்களே, வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் காணும்போது ஒரு கட்டத்தை மட்டும் வரைந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதனைச் சூழ்ந்த கட்டங்களையும் வரையுங்கள். அது தன் அயலாரோடு என்ன செய்கிறது என்று ஆசிரியரை வினவுங்கள்.