நிச்சயம் வரும்வரை காத்திருப்பதா?

காற்றையும் நீரையும் வனத்தையும் காக்கச் சட்டம் வேண்டுமென்று ஜனங்கள் கேட்கும்போதெல்லாம், "நிபுணர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறது, முதலில் ருசுவாகட்டும்" என்று பதில் சொல்வது சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வாதம் நியாயம்போல் தோன்றலாம், நியாயமன்று. வழக்கு முடியுமுன் சொத்து அழிந்துபோகுமென்று கண்டால், நியாயஸ்தலம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பிக்கவில்லையா? பின்னர் வரும் சாட்சியத்தைக் கொண்டு அதை மாற்றுவதில்லையா?

உலக தேசங்கள் ஒருமுறை இவ்வழியே நடந்து பயன் கண்டிருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் படலத்தை அழிக்கக்கூடுமென்று மோலினா, ரௌலண்ட் என்னும் விஞ்ஞானிகள் 1974-ல் எச்சரித்தனர். தென்துருவத்தின்மேல் அப்படலம் மெலிந்து வருவது 1985-ல் வெளியாயிற்று. அதன் காரணம் ஐயமற நிலைநாட்டப்படுமுன்னரே, 1987 செப்டம்பர் 16-ந் தேதி மான்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாயுக்களைப் படிப்படியாகப் பாதியளவு குறைப்பதென்பதே முதல் ஏற்பாடு. ஆனால் 1990 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் விஞ்ஞான நிலையை ஆராய வேண்டுமென்ற விதி அதிலேயே இருந்தது. அளவைத் திருத்துவதாயின் ஏகமனதான முடிவுக்கே முயல வேண்டும். எம்முயற்சியும் பலிக்காவிடில் மட்டுமே வாக்கெடுப்பு. திருத்த வழியிருந்ததனாலேயே துணிந்து தொடங்க முடிந்தது என்பது நம் அபிப்பிராயம்.

ஆயினும் இந்தியாவும் சீனாவும் உடனே சேரவில்லை. செல்வ நாடுகள் கெடுத்த வானத்துக்கு ஏழை நாடுகள் விலை கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1990-ல் லண்டனில் கூடிய மாநாடு அதற்கு விடை கண்டது. ஏழை நாடுகளின் செலவுக்கு உதவ நிதி ஏற்பட்டது. வாக்கெடுப்பு நேர்ந்தாலும், ஏழை நாடுகளில் பெரும்பான்மையும் செல்வ நாடுகளில் பெரும்பான்மையும் தனித்தனியே சம்மதிக்க வேண்டுமென்று விதி திருத்தப்பட்டது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. பிற்பாடு உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்தன. ஓஸோன் படலமும் மெல்ல மீண்டு வருகிறது.

ஆகவே, ஆலையைப்பற்றியோ அணையைப்பற்றியோ கடற்கரையைப்பற்றியோ கூடி யோசிக்கும் நம் ஊழியர்கள், "யாருக்கு நிச்சயமாகத் தெரியும்?" என்று வாதாடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். எந்தப் பிழையைப் பின்னர் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது? செலவை யார் தாங்குவது? மறுபடி என்று கூடி ஆராய்வது? இம்மூன்றுக்கும் விடை கண்டால் ஒற்றுமை தானே பிறக்கும். பலவீனன்மீது பாரத்தைச் சுமத்திப் பெறும் சம்மதம் ஒருநாளும் நிலைக்காது.