சிமெண்ட் ஊர்க்காரன் சொல்றேன்: சுண்ணாம்பை விட்டுடுங்க

அரியலூர்ல பொறந்துட்டு சிமெண்டைத் திட்டினா ஊர்ல சோறு கிடைக்காது. தெரிஞ்சேதான் எழுதறேன், ஆட்டோ அனுப்பிடாதீங்க மக்களே.

போன தடவை ஊருக்குப் போனப்போ, பக்கத்து கிராமத்துப் பழைய மாதா கோயில்ல சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிக்கிட்டு இருந்தாங்க. ஏன்னு கேட்டேன். "பழசு தம்பி, உறுதி பத்தாது" என்றார் ஒரு பெரியவர். கூடவே, "நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே?" என்று ஒரு குத்து.

சரி, நான் சிவில் இல்லை. ஆனா கழித்தல் கணக்கு தெரியும்.

சென்னை பாரிமுனையில அரண்மனைக்காரன் தெரு இருக்கே, அங்கே அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை. 'ஆர்மீனியன்' என்பது நம்ம வாயில அப்படி ஆயிடுச்சு. ஆர்த்தடாக்ஸ் மரபைச் சேர்ந்த ஆர்மீனிய வணிகர்கள் 1712ல் எழுப்பி, 1772ல் திரும்பக் கட்டிய கோயில் அங்கே நிக்குது. அதுவும் மாதா கோயில்தான். கனமான சுவர், தனியா நிக்கிற மணிக்கூண்டு, அதுல ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794ல் இதே சென்னையில் நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கு.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824ல். அதாவது கோயிலுக்கு 52 வயசானப்போதான் சிமெண்டே பொறக்குது. நம்ம ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டிய வீரமாமுனிவர் காலமானது 1747ல். அவர் சிமெண்ட் மூட்டையைக் கண்ணால பார்த்ததில்லை. இப்ப சொல்லுங்க, எதுக்கு உறுதி பத்தாது?

சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். சுவர் குடிச்ச ஈரம் அது வழியா வெளியே போயிடும். அதுமேல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். உப்பு பூக்கும், செங்கல் பொடியா உதிரும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே செல்லரிச்ச மாதிரி.

காரை வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறது கஷ்டம், நிஜம்தான். ஆனா காலடியில சுண்ணாம்புக்கல்லை வச்சிருக்கிற மாவட்டம் இந்தச் சாக்கைச் சொல்லலாமா?

"சர்ச் பிரச்சினைதானே" என்று சிரிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல்லைப் பெயர்த்து 1836ல் கீழணை கட்டினான்னு வெள்ளைக்காரனை இன்னும் திட்டறோம். இப்ப உளியைப் பிடிச்சிருக்கறது யார் கை?

அரண்மனைக்காரன் தெருவில் கும்பிட வர ஆர்மீனியர்கள் அநேகமா யாருமே இல்லை. கோயில் நல்லா இருக்கு. எங்க பக்கம் ஞாயித்துக்கிழமை நிக்க இடமில்லை. கோயிலைத்தான் கொத்திக்கிட்டு இருக்கோம்.