எல்சிஎஸ்: கரையோரக் கப்பலா, ஆழ்கடல் கப்பலா?

மேரு – 2014இல் 6 கப்பல்களுக்கு 900 கோடி வெள்ளி ஒப்பந்தம். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 608 கோடி கொடுத்தாகிவிட்டது. ஒரு கப்பல்கூட கடற்படையின் கைக்கு வரவில்லை. 2023இல் அது 5 கப்பல், 1,122 கோடி என்றானது.

பணத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டோம். கப்பலைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கடற்படை விரும்பியது டச்சு சிக்மா வடிவம். தலையில் கட்டப்பட்டது பிரான்சின் கோவிண்ட். அன்றைய தளபதி ஆட்சேபித்துக் கடிதம் எழுதியும் பலனில்லை. ஓட்டப்போகிறவர் பேச்சைக் கேட்காமல் லாரி வாங்குவார்களா?

பெயர்தான் கரையோரக் கப்பல். 111 மீட்டர் நீளம், சுமார் 3,100 டன்: இது முழுப் போர்க்கப்பல். சரவாக்கிற்கு அப்பால் பெத்திங் பாத்திங்கி அலி பகுதியில் சுற்றும் சீனக் கடலோரக் காவல் கப்பல்களைப் பின்தொடர இவ்வளவு தேவையில்லை. ரோந்துக் கப்பல் போதும். நீர்மூழ்கியைத் தேடவும் ஏவுகணையை எதிர்கொள்ளவும்தான் எல்சிஎஸ் வேண்டும். அந்த ரோந்துக் கப்பலிலும் 27 திட்டமிட்டு, கெடா ரகம் 6 மட்டுமே கட்டினோம்.

இதற்கிடையே 2024இல் துருக்கியிடம் வேறு ரகத்தில் 3 கப்பல்களுக்குக் கையெழுத்தானது. இரண்டு ரகம் என்றால் உதிரிப்பாகம், பயிற்சி, பழுதுபார்ப்பு எல்லாம் இரண்டு. லுமுட் கப்பல்கள் வந்தபின் ஆண்டுதோறும் அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை அமைச்சு இப்போதே நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.