பெட்டி பெரிசு, வயர் சிறிசு

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, தலையணை போகிற பாதையில் இரண்டு பக்கமும் எலுமிச்சையும் தென்னையுமாக இருக்கும். போன கோடையில் அங்கே ஒரு தோட்டக்காரரோடு எனக்கு வாக்குவாதம். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏழரை மாட்டியிருந்தார். பைப் மட்டும் பழைய இரண்டு இஞ்ச். "தண்ணி கூடவே இல்லையே தம்பி, மோட்டாருல ஏதோ கோளாறு" என்று கூப்பிட்டிருந்தார். "அண்ணாச்சி, மோட்டாரு பெருசானா பைப்பும் பெருசாகணும்லா? வாய்க்கா அகலத்துக்குத்தான தண்ணி போகும்" என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அதே தோப்பில், அதே அண்ணாச்சி கண் முன்னால், என் பிக்கப்பின் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

என் தொழில் இதுதான்: மோட்டார், பைப் லைன், சோலார் வேலி. யானையும் பன்றியும் இறங்குகிற மலையடிவாரத்தில் வேலி வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலி போடுகிற இடத்தில் கரண்ட் இருக்காது. கம்பத்துக்கு ஆங்கிள் அறுக்க வேண்டும், ஓட்டை போட வேண்டும். ஜெனரேட்டர் எடுத்துப்போனால் சத்தம், பெட்ரோல் செலவு, தூக்க இரண்டு ஆள். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் வண்டி பேட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும் இன்வெர்ட்டரை மாட்டிக்கொள்கிறோம். பூ வியாபாரி லைட்டுக்கு, டிபன் வண்டிக்காரர் மிக்ஸிக்கு, மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயருக்கு என்று ஆளுக்கொரு தேவை.

முதலில் என்னிடம் இருந்தது 300 வாட் பெட்டி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணிக் கரை மூழ்கியபோது, வெள்ளம் வடிந்ததும் தண்ணீர் கேனும் அரிசியுமாக ஸ்ரீவைகுண்டம் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போனேன். தெருவில் கரண்ட் வந்திருக்கவில்லை. கொண்டுபோன சாமான்களைவிட அங்கே கூட்டம் சேர்த்தது என் வண்டியின் பிளக் பாயின்ட்தான். செத்துக் கிடந்த போன்களைப் பத்துப் பன்னிரண்டாகச் சொருகிக்கொண்டே இருந்தோம். ஒரு பாட்டி துபாயில் இருக்கும் மகனிடம், "நல்லா இருக்கேன்யா" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் கேனையே வாங்கினார். பெரிய பெட்டி வாங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

1500 வாட் பெட்டி வாங்கினேன். பழைய பெட்டியைக் கழற்றி, அதே இடத்தில், அதே பத்து ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் புதியதை மாட்டினோம். கிரைண்டரை ஆன் செய்தால் இன்வெர்ட்டர் "கீ கீ" என்று கத்தியது. பேட்டரி போச்சு என்றார்கள், பேட்டரியை மாற்றினேன். கத்தல் நிற்கவில்லை. பிறகு ஃபியூஸ் அடிக்கடி போனது. வேலை நடுவில் ஃபியூஸ் தேடுவது எரிச்சல். "அதை எடுத்துட்டு டைரக்டா ஜாயின்ட் அடிச்சிரு" என்று நான்தான் சொன்னேன். அந்தப் பாவத்தை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். அடுத்த வாரம் இரண்டு பேர் இரண்டு கிரைண்டரை ஒன்றாகப் பிடித்தார்கள். புகை வந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். எல்லாம் அடங்கிய பிறகு அண்ணாச்சி கருகிய வயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பைப்பு பத்தலியோ?" என்றார்.

பத்தவில்லைதான். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் 1500 வாட் ஓட ஆறரை ஆம்பியர் போதும். வண்டியிலோ 12 வோல்ட்தான். அதே 1500 வாட்டுக்கு 125 ஆம்பியர். இன்வெர்ட்டர் தனக்கென்று தின்பதையும் சேர்த்தால் 140-ஐத் தொடும். பழைய 300 வாட் பெட்டி முழு லோடில் இழுத்தது முப்பதுக்குள். ஆக ஓட்டம் ஐந்து மடங்கு. ஆனால் வயரின் சூடு ஐந்து மடங்கோடு நிற்காது. ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். ஐந்தைந்தா இருபத்தைந்து. பெட்டி ஐந்து மடங்கு பெரிதானபோது என் சீட்டுக்கு அடியில் சூடு 25 மடங்கு ஆகியிருந்தது.

அந்தக் "கீ கீ"யும் பேட்டரியின் குற்றம் அல்ல. பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து சீட்டுக்கு அடி வரை போகவர ஆறு மீட்டர் வயர். முழு லோடில் அதிலேயே ஒன்றரை வோல்ட் கரைந்துவிடும். பேட்டரியில் 12 இருந்தாலும் பெட்டிக்குப் போய்ச் சேர்வது பத்தரை. பட்டினி கிடக்கிறேன் என்று பெட்டி கத்தியது; நான் சோற்றுப் பானையை மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபியூஸும் அப்படித்தான். அது இன்வெர்ட்டரைக் காக்க வைப்பது என்று நினைத்திருந்தேன். அது காப்பது வயரை. தாங்காத வயருக்கு முன்னால் தன் உயிரை விடுவதுதான் அதன் வேலை. அந்தக் காவல்காரனை நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போது வண்டியில் இருப்பது வேறு ஏற்பாடு. கேபினுக்குப் பின்னால், சாரல் படாத இரும்புப் பெட்டிக்குள் இன்வெர்ட்டருக்கென்றே தனி பேட்டரி. செல்ஃப் எடுக்கிற பேட்டரியை அடிவரை உறிஞ்சினால் அது சீக்கிரம் செத்துப்போகும், அதைத் தொடுவதில்லை. டைனமோ ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்க ஒரு ரிலே. இன்வெர்ட்டரும் பேட்டரியும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு மீட்டர்கூட இல்லை, ஐம்பது ஸ்கொயர் செம்பு வயர். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். தூரமாகப் போக வேண்டியது 230 வோல்ட் பக்கம் மட்டும். அங்கே சாதாரண வயரே போதும்.

இதில் புது விஞ்ஞானம் எதுவும் இல்லை. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் ஆடிக் காற்றில் சுழல்கிற காற்றாலைகளைப் பாருங்கள். அடியிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றித்தான் கரண்டைத் தூரத்துக்கு அனுப்புகிறார்கள். தினமும் அந்த வழியாகத்தான் வண்டி ஓட்டினேன். என் சீட்டுக்கு அடியில் அதை நேர்மாறாகச் செய்து வைத்திருந்தேன்.

பெட்டி பெரிதானதால் எல்லா வேலையும் முடியும் என்றும் இல்லை. நூறு ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். 1500 வாட் தொடர்ந்து இழுத்தால் அரை மணி நேரம்கூட வராது. என் டைனமோ மேல் எழுதியிருப்பது 90 ஆம்பியர். வண்டி நின்று ஐட்லிங்கில் ஓடும்போது அவ்வளவும் கிடைக்காது. விட்டுவிட்டு அறுக்கிற வேலைக்கு இன்வெர்ட்டர் சரி. நாள் முழுக்க வெல்டிங் என்றால் ஜெனரேட்டர்தான். இதைச் சொல்லி விற்கிற கடை குறைவு. பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்த்தே வாங்குகிறோம். எந்த வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பது உள்ளே கிடக்கும் தாளில் பொடி எழுத்தில். போதாக்குறைக்கு, செம்பு பூசிய அலுமினிய வயரும் சந்தையில் செம்பு என்றே விலை போகிறது. பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் பனியில் உறைந்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருந்த சிலர் வண்டியிலிருந்தே வீட்டுக்குக் கரண்ட் எடுத்தார்கள். 7.2 கிலோவாட் வரை தரும் ஏற்பாடு அந்த வண்டியின் ஹைப்ரிட் ரகத்தில் கம்பெனியிலேயே செய்து வருகிறது. நம் ஊர் லோடு வண்டிக்காரரும் அதே வேலையைத்தான் செய்கிறார். சந்தையில் கிடைத்த பெட்டியும் கிடைத்த வயருமாக. வண்டி கம்பெனிகள் ஃபியூஸோடு கூடிய ஒரு தனி டெர்மினலையாவது வைத்து, இத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் பாதி ஆபத்து அங்கேயே தீரும். இன்வெர்ட்டர் மாட்டித் தருகிறவர் பில்லில் வயரின் ஸ்கொயரையும் ஃபியூஸின் ஆம்பியரையும் எழுத வேண்டும். நம் மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வாரச் சாயங்காலப் பயிற்சி வைத்தால், மாட்டுகிற கைக்கும் கணக்கு வரும்.

அடுத்தது எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கான சோதனை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆனால் சீட்டுக்கு அடியில் ஓடும் வயருக்கு அந்தச் சான்றில் ஒரு கட்டமும் இல்லை. பிரேக், லைட், ஹாரன் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். கூடவே இரண்டு நிமிடம் பேட்டரியிலிருந்து கிளம்பும் கூடுதல் வயர்களையும் பார்க்கலாம். ஃபியூஸ் இல்லாத வயர் இருந்தால் திருப்பி அனுப்பலாம். போன வருடம் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால் கெட்ட கோபம் வந்திருக்கும், சீட் எரிந்திருக்காது.

வயருக்கும் ஃபியூஸுக்கும் லக்குக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் விலையில் பாதி ஆனது. கண்ணில் படாத இடத்தில் அவ்வளவு காசைப் போட மனம் வரவில்லைதான். அண்ணாச்சி இப்போது இரண்டரை இஞ்ச் பைப் போட்டுவிட்டார். தண்ணீர் நன்றாக விழுகிறது. எனக்கு அடுத்த மாதம் எஃப்.சி. "சீட்டைத் தூக்குங்க" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.