சுழல் என்ஜினும் மைலேஜ் வதந்தியும்

சுழல் என்ஜின் மீண்டும் வரப்போகிறதாம். இம்முறை பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்குமாம். பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை இது கிளம்புவதும், பிறகு அடங்குவதும் வாடிக்கைதான்.

கடன் போட்டு வண்டி வாங்கும் மாதச் சம்பளக்காரர் இந்தப் பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது.

இந்த என்ஜினைக் கண்டவர் ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல். 1957-ல் என்.எஸ்.யு. கம்பெனியில் அது முதன்முதலாக ஓடியது. குதிக்கும் பிஸ்டன் இல்லை; வால்வு இல்லை. இடுப்பு சிறுத்த முட்டை வடிவக் கூட்டுக்குள் ஒரு முக்கோண ரோட்டர் சுழலும். உருவம் சிறிது, எடை குறைவு, அதிர்வும் குறைவு. யாருக்குத்தான் ஆசை வராது?

கோளாறு எங்கே என்றால், பெட்ரோல் எரியும் அறையில். அது நீண்டு, தட்டையாக இருக்கிறது. காபியை டம்ளரில் வைத்தால் சூடு நிற்கும். அகன்ற டபராவில் ஊற்றினால் ஆறிப்போகும். அதே கதைதான் இங்கும். வண்டியை ஓட்ட வேண்டிய சூடு சுவர் வழியே போய்விடுகிறது. கடைசி மூலையில் உள்ள பெட்ரோல் சரியாக எரிவதில்லை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் தேய்ந்தால் கசிவு வேறு. தேயாமல் காக்க ஊற்றும் எண்ணெயும் கூடவே எரிந்து போகிறது.

இது அமைப்பிலேயே உள்ள குறை. குறைக்கலாம்; அடியோடு ஒழிப்பது கடினம்.

இதற்காகப் பணம் இழந்தவர்கள் சாமானியர்கள் அல்ல. 1967-ல் வந்த ரோ 80 காரில் சீல் தேய்ந்து, என்ஜின் மாற்றிக் கொடுத்தே என்.எஸ்.யு. தள்ளாடியது, 1969-ல் போக்ஸ்வாகன் வசமாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-ல் 5 கோடி டாலருக்கு உரிமம் பேசியது. ஒரு காரும் விற்கவில்லை. சிட்ரோயன் 1973-ல் கொண்டுவந்த சுழல் என்ஜின் கார்களைத் தானே திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நொறுக்கிப் போட்டது! ஹிரோஷிமாவின் மஸ்டா மட்டும் விடாப்பிடியாக நின்றது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அமெரிக்க அரசின் சோதனையில் அதன் கார் நகருக்குள் காலனுக்கு 10, 11 மைல்தான் கொடுத்தது. விற்பனை சரிந்து, வங்கி வந்து தாங்க வேண்டியதாயிற்று.

1991-ல் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மஸ்டாவின் சுழல் என்ஜின் கார் முதலிடம் பெற்றதை வதந்திக்காரர்கள் தவறாமல் சொல்வார்கள். பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆபீசுக்குப் போகிறவர் பந்தயமா ஓட்டுகிறார்? 2007-ல் சிக்கனமான புதிய என்ஜின் என்று 16 எக்ஸ் என ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார்கள். அது எந்தக் காரிலும் விற்பனைக்கு வரவில்லை. 2012-ல் ஆர்.எக்ஸ்.8 காரும் நின்றது.

2023-ல் மஸ்டா அதை வேறு வேலைக்கு வைத்தது. எம்.எக்ஸ்.30 காரில் 830 சி.சி. ஒற்றை ரோட்டர் என்ஜின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. பேட்டரிக்கு மின்சாரம் மட்டும் தயாரிக்கிறது. சீல் தடிமனையும் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆக்கினார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் ஆறு பத்தாண்டுகள் அதனோடு மல்லுக்கட்டிய கம்பெனியே, சக்கரத்தை மின் மோட்டாரிடம் கொடுத்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இடமும் எடையும் முக்கியமான இடத்தில் இந்த என்ஜினுக்கு மதிப்பு உண்டு. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் பங்குடன் இந்தியாவிலேயே செய்த வாங்கெல் என்ஜினைப் பொருத்தி, நிஷாந்த் ஆளில்லா விமானம் 2009-ல் பறந்தது. பறந்த இடம் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய கோலார்ப் பக்கம்!

அங்கே லிட்டருக்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. கடையில் கேட்டுத்தான் ஆக வேண்டும். நகர நெரிசலில் எத்தனை கிலோமீட்டர்? சோதித்தது யார்? சீல் தேய்ந்தால் மாற்ற என்ன செலவு? "புது டிசைன் சார்" என்கிறவர் இந்த மூன்றையும் எழுதித் தரட்டும். முன்பணத்தை அதற்குப் பிறகு எண்ணிக் கொடுக்கலாம்.