குளவி கொட்டுவது விபத்து. மருந்தில்லாமல் சாவது விதியல்ல



"குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் அனுமதி." இந்தச் செய்தியை எத்தனை தரம் வாசித்திருப்போம்? தோட்டத்தின் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும்தான் மாறும். சில நாள் "அனுமதி" என்ற இடத்தில் "உயிரிழப்பு" என்று வரும். நாமும் ஒரு அழுகைக் குறி போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம்.

"என்னாங்க சேர் செய்றது, தலையெழுத்து" என்கிறார்கள் பெற்றோர். கத்ரை நானும் நம்புகிறவன்தான். ஆனால் மருந்து வாங்கி வைக்காதவர்களின் குற்றத்தை இறைவன் மேல் போட நான் தயாரில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். நாம் குளவி என்று சொல்வதில் பாதி குளவியே இல்லை. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. பருந்து மோதினாலோ காற்றில் கிளை ஆடினாலோ கூட்டம் கலையும். ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை பரவும். அதை மோப்பம் பிடித்து மற்றவை வரும். அதனால்தான் ஒரே ஆளை நூறு தேனீ கொட்டுகிறது. தேனீயின் கொடுக்கு உடம்பிலேயே தங்கிவிடும். குளவியின் கொடுக்கு தங்காது; அது திரும்பத் திரும்பக் கொட்டும்.

உயிர் போவது இரண்டு வழியில். ஒன்று ஒவ்வாமை. ஒரே கொட்டு போதும். தொண்டை வீங்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் விழும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடலாம். மற்றது விஷத்தின் அளவு. ஐம்பது, நூறு கொட்டு வாங்கியவர் அன்று நன்றாகத்தான் பேசுவார். தசை சிதைந்து சிறுநீரகம் கெடுவது பிறகுதான் தெரியும். "பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போ" என்று அனுப்புவது அதனால் ஆபத்து.

இதற்கு நாம் செய்வது என்ன? சுண்ணாம்பு தடவுகிறோம், மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம், வெங்காயம் தேய்க்கிறோம். இவை எதுவும் இரத்தத்தில் ஏறிய விஷத்தை நிறுத்தாது. நேரத்தைத்தான் தின்னும். செய்ய வேண்டியது இது:

1. ஓடுங்கள். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடுங்கள். படங்கால் தலையையும் முகத்தையும் மூடுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். கதவுள்ள கட்டிடத்துக்குள் போங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், தலை வெளியே வரும்வரை அவை சுற்றிக்கொண்டே இருக்கும்.

2. பாதுகாப்பான இடம் வந்ததும் கொடுக்குகளை உடனே எடுங்கள். நகத்தால் கிள்ளலாம், அட்டையால் சுரண்டலாம். எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். விஷப்பை ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும்.

3. சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள்.

4. மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மயக்கம் வந்தால் நிமிர்த்தி நடக்கவிடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்தபடி இருக்கட்டும். 1990க்கு அழையுங்கள்.

5. அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. பிரிட்டன் குளிசை அரிப்பைக் குறைக்கும். அடைத்த தொண்டையைத் திறக்காது.

இந்த ஐந்தாவதுதான் என் சண்டை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து கிளங்கனில் 150 கட்டில் வைத்தியசாலையைத் திறந்து வைத்தார். நல்லது. ஆனால் மலையிலிருந்து பாதைக்குத் தூக்கி வர எவ்வளவு நேரம்? லொறி வர எவ்வளவு நேரம்? பதினைந்து நிமிடத்தில் போகும் உயிருக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி இருக்கும் கட்டில் எதற்கு? அந்த ஊசி தோட்ட மருந்தகத்தில் இருக்க வேண்டும். போடத் தெரிந்த வைத்திய உதவியாளர் வேலை நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அது விலை கூடிய மருந்தும் இல்லை.

சிகிரியாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சத்தம் போட்டால் குளவி தாக்கும் என்று அறிவித்தல் பலகை. உல்லாசப் பயணிகள் புகுந்துகொள்ளக் கம்பி வலைக் கூடு. டிக்கட் வாங்கி அரை நாள் வருபவருக்கு அவ்வளவு. நாற்பது வருடம் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு? உங்கள் மலையில் ஒரு பலகையாவது உண்டா?

"காட்டுப் பிராணிக்கு நாங்கள் பொறுப்பா?" என்று கேட்கும் துரைமாருக்கு ஒரு பதில். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலையின்போது வேலை காரணமாக நேரும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை அதில் உண்டு. கூடு இருப்பது தெரிந்தும் அந்த மலைக்கு ஆள் அனுப்பியவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. கொட்டு வாங்கி ஓடியவருக்கு அரைப்பேர் போடுவது அநியாயம்.

தேனீயை அழிக்கச் சொல்லவில்லை. குர்ஆனில் ஒரு அத்தியாயத்துக்கே அதன் பெயர்தான். காலையில் மலையைப் பார்த்து, கூடு இருந்தால் அந்தப் பக்கம் ஆள் அனுப்பாமல், தெரிந்தவர்களைக் கொண்டு இரவில் அகற்றச் சொல்கிறேன்.

சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் எடுத்துப் போங்கள். பெற்றோரே, பிள்ளைகளே, நாளைக்குப் பெரட்டுக் களத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். மருந்தகத்தில் அட்ரினலின் இருக்கிறதா? காலாவதித் திகதி என்ன? யார் போடுவார்?

பதிலைக் கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இருக்கிறது, இல்லை என்று மட்டும் எழுதினால் போதும். எண்ணிப் பார்ப்போம்.