ஒழுகுதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்



"துணி டயப்பர் வாங்கினோம். ஒழுகுது. எடுத்து வச்சுட்டோம்." சமீப காலமாக இதை எத்தனை வீடுகளில் கேட்டுவிட்டேன்! வாங்கும்போது யானை போட்டது, பூப்போட்டது என்று ஆசை ஆசையாகப் பார்த்து வாங்குகிறார்கள். கொஞ்ச நாளில் பாய் நனைகிறது, அம்மாவின் மடி நனைகிறது, தூக்கிக்கொண்டு நின்ற தாத்தாவின் வேட்டி நனைகிறது. அதோடு அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். மெடிக்கல் ஷாப்பிலிருந்து பெரிய டயப்பர் பாக்கெட் வீட்டுக்குள் வந்துவிடும்.

நாட்டில் எவ்வளவோ நடக்க, இதற்கு ஒரு பக்கமா என்று கேட்கத் தோன்றுகிறதா? கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நனைந்த விரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு இருக்காது.

குடவாசலில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பையனுக்கு மூன்று மாதம். கொல்லையில் கொடி நிறையத் துணி டயப்பர்கள். "நல்லாத்தான் இருந்துச்சு பெரியம்மா. இப்ப ஒரு மாசமா கட்டின அரை மணி நேரத்துல ஒழுகுது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

கொடியில் காய்ந்திருந்த இன்சர்ட் ஒன்றை, அதாவது டயப்பருக்கு உள்ளே வைக்கும் அந்தத் தடித்த பட்டையை, எடுத்துவரச் சொன்னேன். திண்ணையில் விரித்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டோம். உறிஞ்சவே இல்லை. முத்து முத்தாக மேலேயே நின்றது. லேசாகச் சாய்த்ததும் உருண்டு ஓடி விளிம்பு வழியே தரையில் சொட்டியது. தண்ணீர் உறிஞ்ச வேண்டிய துணி, தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்கிறது! முகர்ந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய் வாசம்.

விஷயம் இவ்வளவுதான். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி தினமும் வருகிறார். கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, கை கால், தொடை, இடுப்பு என்று எண்ணெயை நன்றாகத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார். குளித்த பிறகும் தொடை இடுக்கில் சிவந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் எண்ணெய். போதாததற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம். எல்லாம் குழந்தையின் நன்மைக்காகச் செய்வதுதான். ஆனால் அத்தனையும் துணியில் இறங்கிப் படிந்துவிடுகிறது.

அதற்கு மேல் தண்ணீர். அவர்கள் வீட்டில் துவைப்பது போர் தண்ணீரில், கட்டிச் சோப்புப் போட்டு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் சோப்பு நுரைக்காது. அவற்றோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக மாறித் துணியின் இழைகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடுவோம். படிவு இன்னும் கூடும். துணி மெத்தென்று இருக்கட்டும் என்று சிலர் கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனரும் ஊற்றுகிறார்கள். அதுவும் இழையைப் பூசி மெழுகுகிற சங்கதிதான். டயப்பர் துணிக்கு அது வேண்டவே வேண்டாம்.

என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? மேல் உறைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இன்சர்ட்டுகளை மட்டும் கை பொறுக்கும் அளவைவிடக் கொஞ்சம் அதிகச் சூடான வெந்நீரில் போட்டு, அளவாக டிடர்ஜென்ட் பவுடர் சேர்த்து ஊறவைத்தோம். வெந்நீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்து வந்ததைப் பார்த்துத் தங்கை வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கசக்கி, வெறும் தண்ணீரில் நுரை வருவது நிற்கும்வரை அலசல். இந்த அலசல்தான் முக்கியம். துணி சுத்தமாகத் தெரிந்தாலும், பிழியும்போது நுரை வந்தால் உள்ளே சோப்பு இருக்கிறது என்று அர்த்தம். கடைசி அலசலுக்கு மழைநீர் சேமித்த தண்ணீர் கிடைத்தால் ரொம்ப நல்லது. அதில் உப்பு மிகக் குறைவு. மறுபடி காயவைத்து அதே ஸ்பூன் தண்ணீரை விட்டபோது, விட்ட இடத்திலேயே மறைந்துபோனது.

எண்ணெயை நிறுத்தச் சொல்லிப் பாட்டியிடம் யாரும் சண்டை போட வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிந்த நேரத்தில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுங்கள். எண்ணெயெல்லாம் அதில் இறங்கட்டும். க்ரீம் போடும் நாட்களில் இன்சர்ட்டின் மேல் மெல்லிய காட்டன் துண்டு ஒன்றைப் போட்டால் போதும்.

புதிதாக வாங்கியதுமே ஒழுகுகிறதா? அதற்குக் காரணம் வேறு. புதுப் பருத்தித் துணியில் இயற்கையான மெழுகுப் பசை இருக்கும். நாலைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது முழுசாக உறிஞ்ச ஆரம்பிக்கும். புது வேட்டியில் துவட்டினால் உடம்பு ஈரம் போகாது, பழசில்தான் போகும் என்பது நமக்குத் தெரியாததா? கடையிலிருந்து வந்த அன்றே கட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது, கட்டுகிற விதம். தொடைப் பக்க எலாஸ்டிக் தொடையின் மேல் இருக்கக் கூடாது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், ஜட்டி உட்காரும் இடத்தில் உட்கார வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம். எடுத்த பிறகு லேசான சிவப்புத் தடம் தெரிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் சரி. பள்ளமாக அழுந்தினால் இறுக்கம். உள்ளே இருக்கும் பருத்தித் துணி ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் போச்சு. உள்ளே இருக்கும் ஈரம் அத்தனையும் அந்த நூல் வழியே சட்டைக்கு ஏறிவிடும். கட்டி முடித்ததும் தொடையைச் சுற்றி ஒரு விரலை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு காரணம் இருக்கிறது. எந்த டயப்பர் பாக்கெட்டிலும் இதை அச்சடித்து நான் பார்த்ததில்லை. அதுதான் தூளி. தூளியில் கிடக்கும் குழந்தை கட்டிலில் கிடப்பதுபோல் நேராகப் படுப்பதில்லை. இடுப்பு கீழே இறங்கி, தலையும் காலும் உயர்ந்திருக்கும். போகிற உச்சா எல்லாம் பின்பக்கம் ஓடி, முதுகு வழியாக வெளியே வரும். ஆண் குழந்தை என்றால் முன்பக்கம் துணியை மடித்துத் தடிப்பாக வையுங்கள் என்று சொல்வார்கள். விழித்திருக்கும் நேரத்துக்கு அது சரி. தூளிக்குப் போகும்போது அந்த மடிப்பைப் பின்பக்கம் மாற்றுங்கள்.

இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதும் அப்படித்தான். மைக்ரோ ஃபைபர் இன்சர்ட் வேகமாக உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் அதே வேகத்தில் கக்கிவிடும். நம் இடுப்புக்கும் குழந்தையின் தொடைக்கும் நடுவே அது நசுங்கினால் புடவை நனையாமல் என்ன செய்யும்? பருத்தி, மூங்கில் இழைத் துணிகள் மெதுவாக உறிஞ்சினாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். மைக்ரோ ஃபைபர் மேலே, பருத்தி அடியில் என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் ராத்திரிக்கும் தாங்கும். ஒன்றை மறக்காதீர்கள். மைக்ரோ ஃபைபர் நேராகத் தோலில் படக் கூடாது. தோலின் ஈரப்பசையையும் உறிஞ்சி வறட்டிவிடும்.

இத்தனையும் செய்தாலும் நேரத்துக்கு மாற்றாவிட்டால் எந்தத் துணியும் ஒழுகத்தான் செய்யும். பிறந்த குழந்தையின் சிறுநீர்ப்பையில் சுமார் 30 மில்லிதான் பிடிக்கும். ஒரு வயதில் 60 மில்லி அளவுக்கு வரும். சின்னப் பை என்பதால் அடிக்கடி காலியாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து மாற்றுவது நல்லது. இதில் ஒரு லாபமும் உண்டு. தாய்ப்பால் போதுமா என்ற கவலை எல்லாப் புதுத் தாய்க்கும் வரும். முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழித்தால் பால் போதுமானது என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். துணி கட்டும் அம்மாவுக்கு அந்தக் கணக்கு கைமேல் தெரிந்துவிடும்.

நம் பாட்டிமார்கள் காலத்தில் ஒழுகாமல் தடுக்க யாரும் முயன்றதே இல்லை. தூளிச் சேலை வழியே இறங்கிக் கீழே விரித்த சாக்கில் சொட்டும். சாக்கை எடுத்து வெயிலில் போடுவார்கள். நனைந்தது உடனே தெரிந்ததால் உடனே மாற்றினார்கள். ஒழுகக் கூடாது என்ற தவிப்பு, பஸ்ஸிலும் ஆபீஸிலும் மெத்தைமேலும் குழந்தையோடு வாழ ஆரம்பித்த பிறகு வந்தது. இந்தத் தவிப்பு நமக்கு மட்டும் உரியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், படுக்கை நனைவது பொறுக்காமல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, துணிக்கு மேலே போடும் நீர்புகாத உறை ஒன்றை உருவாக்கினார். 1951-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஒருமுறை கட்டித் தூக்கி எறியும் பாம்பர்ஸ் டயப்பர் சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1961-ல்தான்.

இன்றைய துணி டயப்பரின் மேல் உறை அந்த உறையின் பேத்தி. பி.யு.எல். என்பார்கள். துணியின் உட்புறம் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருக்கும். இதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலோ, ப்ளீச் ஊற்றினாலோ, இஸ்திரி போட்டாலோ படலம் உரிந்துவிடும். அதன் பிறகு ஒழுகுவதை யாராலும் நிறுத்த முடியாது. இன்சர்ட்டுக்கு நல்ல வெயில், உறைக்கு நிழல். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தால் அடுத்த குழந்தைக்கும் அதே டயப்பர் உதவும்.

சரி, இவ்வளவு பாடு ஏன்? பாக்கெட்டே வாங்கிவிடலாமே? 2025 செப்டம்பரில் அதற்கான ஜி.எஸ்.டி.கூட 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டதே? நியாயமான கேள்விதான். கும்பகோணத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், கல்யாண வீடு, ரயில் பயணம் இவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அன்றாடத்துக்கும் அதுவே என்றால்தான் யோசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு என்று வைத்தாலே வருடத்துக்கு 2,190 டயப்பர். அவை எங்கே போகின்றன?

டெல்டாக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஒவ்வொரு வருடமும் கோடையில் ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாருகிறோம். ஜூன் 12-ஐ எதிர்பார்த்து மேட்டூர்த் தண்ணீருக்காகக் காத்திருக்கிறோம். தண்ணீர் கடைமடைக்கு வரும்போது மதகில் என்னென்ன வந்து அடைகிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆகாயத்தாமரையோடு தண்ணீர் குடித்து உப்பிய டயப்பர்களும் வருகின்றன. உள்ளே இருக்கும் பாலிமர் மக்காது, மேல் பிளாஸ்டிக்கும் மக்காது. பயன்படுத்தியதைப் பத்திரமாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. குடவாசல் மாதிரி பேரூராட்சியில் வண்டி வரும் தெருவில் அது நடக்கலாம். வண்டி வராத கிராமத்தில் பாலத்தில் நின்று வீசிவிடுகிறார்கள். அதே தண்ணீர்தான் நாற்றங்காலுக்கும் பாய்கிறது.

துணியைத் துவைக்கவும் தண்ணீரும் சோப்பும் செலவாகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2023-ல் பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட ஆய்வில்கூட, புவி வெப்பமாதல் கணக்கில் துணி டயப்பர்கள் பாக்கெட் டயப்பர்களைவிட 25 சதவீதம் குறைவான பாதிப்பே தருவதாகத் தெரிந்தது. அங்கே துணி காயவைக்கவே மின்சாரம் எரிக்கும் வீடுகள் ஏராளம். நமக்கு வருடத்தில் ஒன்பது மாதம் சூரியன் இலவசமாகக் காயவைத்துக் கொடுக்கிறான்.

துவைப்பது யார் என்பதையும் பேசிவிட வேண்டும். துணி டயப்பர் பல வீடுகளில் தோற்பதற்கு ஒழுகல் ஒரு சாக்குதான். பிரசவித்து மூன்று மாதம் ஆன ஒரு பெண்ணே பால் கொடுத்து, விழித்திருந்து, துவைத்து, அலசி, காயவைக்க வேண்டும் என்றால் எத்தனை நாள் முடியும்? மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டு வாளியில் போடுவதும், மெஷினில் போட்டு எடுப்பதும், கொடியில் விரிப்பதும் அப்பாவும் தாத்தாவும் செய்யக் கூடிய வேலை. மாப்பிள்ளை வாரக் கடைசியில் வந்தால் கொடிக்கயிறு அவர் பொறுப்பாகட்டும். பாய் நனைந்தால் "ஒழுங்கா கட்டத் தெரியலையா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்காமல் ஒரு புதுத் துணியை எடுத்துக் கொடுங்கள். தங்கை வீட்டில் தங்கையின் கணவர்தான் இப்போது அலசுகிறார். நன்றாகவே அலசுகிறார்.

மிச்சமிருக்கும் ஒரே பெரிய சிக்கல் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தைத்த தடித்த இன்சர்ட் இரண்டு நாள் ஆனாலும் காயாது. அரை ஈரத்தோடு கட்டினால் இடுக்கில் புண் வரும், பூஞ்சை வரும். அதனால் மழைக்கு முன்பே பழைய காட்டன் வேட்டியைச் சதுரமாகக் கிழித்து நிறைய வைத்துக்கொள்ளுங்கள். விரித்தால் ஒற்றைத் துணி, ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். மடித்து உறைக்குள் வைத்தால் அதுவே இன்சர்ட். கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. குழந்தை இருக்கும் அறையில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பிஞ்சு நெஞ்சுக்குப் புகை ஆகாது.

உங்கள் வீட்டில் மழை நாளில் குழந்தைத் துணியை எப்படிக் காயவைக்கிறீர்கள்? நன்னிலம், வலங்கைமான், நீடாமங்கலம் என்று எந்த ஊராக இருந்தாலும் நாலு வரி எழுதி அனுப்புங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். முக்கியமாக, போர் தண்ணீரை வைத்துச் சமாளிக்கும் வீடுகளின் அனுபவம் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்